கண் ஆஸ்பத்திரிக் காந்தம்

பெரியப்பா லியோனார்டின் வலது கையில் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நுனியில் உணர்ச்சி கிடையாது. கொதிக்கும் காபி டம்ளரை அந்த இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பேசுவார். பார்ப்பவர்களுக்குத்தான் கை சுடும். விரல்கள் அப்படி ஆனது வேலையில். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பெரியம்மா வெரோனிகா, "ஆஸ்பத்திரியில காந்தத்தப் பாத்துக்கிறாரு" என்பார். கேட்டவர்கள் அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாமல் விட்டுவிடுவார்கள்.

அவர் பிறந்ததும் வாழ்ந்ததும் சாந்தோமில், கோவிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்துப் போகும் சந்தில். தம்பியான என் அப்பா ஆம்ப்ரோஸ் படித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனார். பெரியப்பாவுக்குத் தமிழ் நன்றாக வரும். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பார். டிராம் ஷெட்டில் ஒயர்மேனாக ஒன்பது வருஷம் இருந்தார். 1934-ல் டாக்டர் பஞ்சாட்சரம் லஸ்ஸுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு கட்டிலோடு ஒரு கண் ஆஸ்பத்திரி திறந்தபோது, மின்சாரம் தெரிந்த ஆள் வேண்டுமென்று இவரை அழைத்துக்கொண்டார்.

டாக்டர் சீமையிலிருந்து ஒரு காந்தம் வரவழைத்திருந்தார். சிறிய பீப்பாய் அளவு இருக்கும். நடுவில் கனமான இரும்பு, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் செப்புக் கம்பி. முன்பக்கம் இரும்பு கூராக நீட்டிக்கொண்டிருக்கும். பட்டறையில் வேலை செய்கிறவர்களின் கண்ணுக்குள் இரும்புத் துணுக்கு பாய்ந்துவிட்டால் கத்தியால் தேடி எடுக்க முடியாது. நோயாளியை உட்காரவைத்து, விழியை அந்தக் கூர்நுனிக்கு நேரே கொண்டுவந்து, கம்பியில் மின்சாரம் விடுவார்கள். துணுக்கு தானாக முன்னால் வந்து நிற்கும். பிறகு சின்னக் கீறல் போட்டு எடுத்துவிடலாம். துணுக்கு நகரும்போது சுரீரென்று வலிக்கும். நோயாளி கத்தினால் டாக்டரின் முகம் மலரும்.

அந்தத் தெருக்களில் அப்போது டி.சி. மின்சாரம். ஒரே திசையில் ஒரே சீராக ஓடுவது. சுருள் கம்பிக்கு ஒரு சுபாவம் உண்டு: ஓட்டம் மாறுவது அதற்குப் பிடிக்காது. சுவிட்சைப் போட்டதும் மின்சாரத்தை முழுசாக உள்ளே விடாமல் முரண்டு பண்ணும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட்டுக்கொடுக்கும். மீட்டரின் முள் மெதுவாக ஏறி ஓரிடத்தில் நிற்கும். நின்ற பிறகு முரண்டு போய்விடும். அப்புறம் அது வெறும் செப்புக் கம்பிதான். பெரியப்பா சுவிட்சைப் போட்டுவிட்டு, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை மனதுக்குள் தொடங்குவார். பாதி மந்திரத்தில் முள் நின்றுவிடும். "ம்" என்பார். அந்த "ம்" வந்த பிறகே டாக்டர் நோயாளியின் தலையை முன்னால் நகர்த்துவார். டாக்டர் பட்டை விபூதிக்காரர். ஆனாலும் அந்த மந்திரம் எவ்வளவு நீளம் என்பது அவருக்கு அத்துபடி.

நிறுத்துவது இன்னும் கஷ்டம். ஓடிக்கொண்டிருப்பதைச் சட்டென்று வெட்டினால் சுருள் ஒத்துக்கொள்ளாது. வைத்திருந்ததையெல்லாம் சுவிட்சின் வாயில் பெரிய பொறியாகக் கக்கும். அதனால் கைப்பிடியைத் திருப்பி மின்சாரத்தைச் சிறுகச் சிறுகக் குறைத்துவிட்டுத்தான் சுவிட்சைத் தூக்கவேண்டும். 1938-ல் ஒரு நோயாளி மயங்கிக் காந்தத்தின் மேலேயே சாய்ந்தபோது பெரியப்பா ஒரேயடியாக வெட்டினார். விரல்கள் அன்று வெந்தவை.

1946 ஜனவரியில் ஆஸ்பத்திரி இருந்த வரிசையை ஏ.சி.க்கு மாற்றினார்கள். எதிர்வரிசைக்கு மார்ச்சில் என்று சொல்லியிருந்தார்கள். இந்தப் புது மின்சாரம் நொடிக்கு நூறு தடவை திசை மாறும். அதற்குச் சில நாள் முன்பு, மாற்றித் தரவேண்டிய சாமான்களை எழுதித் தரும்படி மின்சாரக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு படிவம் வந்தது. பெரியப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்லச் சொல்ல, நிரப்பிக்கொடுத்தது நான். விசிறி பதினொன்று. தண்ணீர் பம்ப்பின் மோட்டார் ஒன்று. கத்திகளை வேகவைக்கும் அடுப்பு வேண்டாம், அது எந்த மின்சாரத்திலும் சூடாகும். பல்பும் அப்படித்தான்.

காந்தத்தை எழுதவேண்டாமா என்று கேட்டேன்.

"அது சுத்தாதேம்மா" என்றார்.

ஒயர்மேன்கள் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள். சுற்றுகிற சாமானை மாற்றவேண்டும். சுற்றாத சாமானுக்குத் தொந்தரவில்லை. டிராம் ஷெட்டில் அவர் கேட்டுப் பழகியதும் அதுதான். நான் எழுதவில்லை.

மின்சாரம் மாறிய அன்று பெரியப்பா காந்தத்தைச் சோதித்துத்தான் பார்த்தார். அதற்கு வரும் இரண்டு கம்பிகளிலும் சோதனை பல்பை வைத்தார். பழைய பிரகாசத்தில் எரிந்தது. சுவிட்சைப் போட்டதும் காந்தம் உறுமியது. சாமான் அறைச் சாவியை நுனியில் தொட்டுவைத்தார். விறுவிறுவென்று நடுங்கிக்கொண்டே ஒட்டி நின்றது. மீட்டரின் முள் மட்டும் பூஜ்ஜியத்தைவிட்டு அசையவில்லை. மீட்டர் கெட்டுவிட்டதென்று கழற்றி மவுண்ட் ரோட்டுக் கடைக்கு அனுப்பினார். ஒரு குறையும் இல்லை என்று சீட்டு வைத்துத் திருப்பி அனுப்பினார்கள். சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று அதை மேஜை இழுப்பறைக்குள் போட்டார். சுவிட்சைத் தூக்கும்போது பொறியும் வரவில்லை. அது அவருக்குப் பெரிய நிம்மதி.

கம்பவுண்டர் கருணாகரன் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, உன் காந்தம் வண்டு கணக்கா பாடிக்கினு கீது?" என்று கேட்டாராம்.

"புதுக் கரண்ட்டு இல்ல? சந்தோஷம் அதுக்கு" என்று பெரியப்பா சொன்னாராம். அன்று சாப்பிடும்போது பெரியம்மாவிடமும் சொன்னார், எட்டு வருஷமாகப் பயந்து பயந்து தொட்ட சுவிட்சு கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டதென்று.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை காலை இசக்கிமுத்து வந்தார். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயதிருக்கும். உளியைச் சம்மட்டியால் அடித்தபோது உளித்தலையிலிருந்து ஒரு சில்லு தெறித்து வலது கண்ணுக்குள் போயிருந்தது. ஈரத் துணியை வைத்துப் பொத்திக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். கூட வந்த மனைவி தங்கபுஷ்பம்தான் கையைப் பிடித்து நடத்திவந்தார். ஏனென்றால் இடது கண்ணில் சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் பூ விழுந்திருந்தது. அதில் வெளிச்சம் மட்டும்தான் தெரியும்.

"ஒத்தக் கண்ணு சார் இது" என்றார் தங்கபுஷ்பம். "இத வச்சுத்தான் நாங்க நாலு பேரும் பாக்கோம்."

வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள் இருந்தார்கள்.

டாக்டர் பரிசோதித்துவிட்டு, சில்லு உள்ளே ஆழத்தில் இருக்கிறது, இன்றைக்கே வந்துவிட்டதால் எடுத்துவிடலாம் என்றார். பெரியப்பா சுவிட்சைப் போட்டு, பார்க்க மீட்டர் இல்லாததால் மந்திரத்தை மட்டும் சொல்லி, "ம்" என்றார். டாக்டர் தலையை நகர்த்தினார். காந்தம் உறுமியது. வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார் இசக்கிமுத்து. ஐந்து தடவை செய்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, அசைந்தால் காரியம் கெட்டுவிடும் என்று சிலை மாதிரி உட்கார்ந்திருந்து, வலிக்கவில்லை, வலிக்கவில்லை என்று சொன்னார். அப்படிச் சொல்வது நல்லதென்று அவர் நினைத்திருக்கிறார்.

டாக்டர் திரும்பி, "லியோனார்ட், இது இழுக்கிறதா?" என்று கேட்டார்.

பெரியப்பா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நுனியில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. "பாருங்க சார்" என்றார்.

டாக்டருக்கு அது போதுமாக இருந்தது. சில்லு ஏதோ சதையில் சிக்கிக்கொண்டிருக்கிறது, விட்டு விட்டு முயன்றால் நகரும் என்று முடிவுசெய்தார். மாலையில் ஒரு முறை, செவ்வாய்க்கிழமை இரண்டு முறை. தங்கபுஷ்பம் பக்கத்துக் கட்டில்காரர்களிடம், மெஷினுக்குச் சத்தம்தான் பெரிது, வலியே இல்லையாம் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தார். செவ்வாய் சாயங்காலம் கண் சிவந்தது. புதன் காலையில் காய்ச்சல் வந்தது.

அன்று காலை முயற்சியும் வீணான பிறகு, பெரியப்பா வழக்கம்போலக் காந்தத்தைத் துணியால் துடைத்தார். துடைக்கும்போது இடது உள்ளங்கை அதன்மேல் படிந்தது. பன்னிரண்டு வருஷமாக அந்தக் கைக்குத் தெரிந்தது ஒன்று: வேலை முடிந்ததும் கம்பிச் சுற்று, காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும், நடு இரும்பு குளிர்ந்திருக்கும். இப்போது கம்பி குளிர்ந்திருந்தது. இரும்பு சுட்டது. கருணாகரன் மருந்துத் தட்டோடு இரண்டு தடவை அந்தப் பக்கம் போய்வந்தாராம். இரண்டு தடவையும் இவர் கையை எடுக்காமல் அப்படியே நின்றிருக்கிறார்.

கம்பி சூடாகவில்லை என்றால் அதில் மின்சாரம் சரியாக ஓடவில்லை. சோதனை பல்பை எடுத்தார். முன்பு போல இரண்டு கம்பிகளிலும் வைக்காமல், மின்சாரம் பல்பு வழியாகப் போய் அப்புறம் சுருளுக்குள் போகும்படி கட்டி, சுவிட்சைப் போட்டார். பல்பின் இழை இலேசாகச் சிவந்தது. அவ்வளவுதான். முதலில் செய்த சோதனை மின்சாரம் வாசல்வரை வந்ததைத்தான் காட்டியிருக்கிறது. உள்ளே போனதா என்று காட்டவில்லை. மாற்றம் பிடிக்காத சுருளிடம் நொடிக்கு நூறு தடவை மாறச் சொன்னால் அது என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் முரண்டு பண்ணும். மின்சாரம் ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிப் போகவேண்டிய நேரம் வந்துவிடும். முழு உயரத்துக்கு அது ஒருபோதும் ஏறாது. பல்புக்கு அந்தச் சுபாவம் இல்லை. அதனால் பல்பு எதிலும் ஒரே மாதிரி எரிகிறது.

நேரே டாக்டர் அறைக்குப் போய், "தப்பு என்னுது சார். காந்தம் இழுக்கல" என்றார்.

"சாவியை இழுத்ததே?"

"தொட்டா ஒட்டும் சார். தள்ளி இருக்கறத இழுக்காது."

டாக்டர், டி.சி. எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டார். தெருவுக்கு எதிர்வரிசையில் இன்னும் பழைய மின்சாரம்தான். நேர் எதிர்வீடு அஸ்மத்துன்னிசா பேகத்துடையது. பெரியப்பா செருப்புப் போடாமல் தெருவைத் தாண்டி ஓடினார். கண்ணுக்கு என்று சொன்னதும் அந்த அம்மாள், "அப்புறம் என்னா கேள்வி? இழுத்துக்குங்க. எங்க வீட்டு லைட்டு ஃபேனு எல்லாம் அணைச்சிடணுமா?" என்றாராம். அணைத்தும் விட்டார். பெரியப்பாவும் கருணாகரனும் தடித்த கம்பியை அந்த வீட்டு மாடியிலிருந்து ஆஸ்பத்திரி மாடிக்கு இழுத்துக் கட்டினார்கள். அனுமதி யாரிடமும் கேட்கவில்லை. மேஜை இழுப்பறையில் கிடந்த, டி.சி.யை மட்டுமே காட்டும் மீட்டரை எடுத்து மறுபடி மாட்டினார். சுவிட்சைப் போட்டபோது உறுமல் இல்லை. முள் மெதுவாக ஏறியது. பாதி மந்திரத்தில் நின்றது.

டாக்டர் தலையை நகர்த்திய அந்தக் கணத்தில் இசக்கிமுத்து அலறினார். வெளியே நின்றிருந்த தங்கபுஷ்பம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. புருஷன் துடித்துக்கொண்டிருக்க, டாக்டரும் கம்பவுண்டரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கடுகில் பாதி அளவு சில்லு வெளியே வந்தது. ஆனால் அதற்குள் கண்ணுக்குள் சீழ் வைத்துவிட்டது. சல்ஃபா மாத்திரை கொடுத்தார்கள், மணிக்கொரு தரம் கழுவினார்கள். சனிக்கிழமை டாக்டர் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டுச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கண்ணை எடுத்தார்கள். பெரியப்பா அன்று பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த மாதம் எனக்கு இன்டர்மீடியட் பரீட்சை. பௌதிகத் தாளில், ஒரு கம்பிச்சுருளை நேர்மின்னோட்டத்திலும் மாறுமின்னோட்டத்திலும் ஒரு விளக்கோடு தொடராக இணைத்தால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி. அந்தப் பாடம் டிசம்பரிலேயே நடத்தி முடித்தது. படிவம் நிரப்பியது ஜனவரியில்.

ஆஸ்பத்திரிக்கு ஏ.சி.யை டி.சி. ஆக்கித் தரும் ஒரு கருவியை டாக்டர் வாங்கினார். காந்தம் பழையபடி வேலை செய்தது. அழுக்கு உளியின் சில்லு அது, முதல் நாளே எடுத்திருந்தாலும் சீழ் பிடித்திருக்கலாம், யாரால் சொல்லமுடியும் என்று டாக்டர் பெரியப்பாவுக்கு ஆறுதல் சொன்னார். நோயாளியிடம் இதையெல்லாம் பேசவேண்டியதில்லை என்றும் சொன்னார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரும் மன்னித்துவிட்டார். அந்த மனிதரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. பெரியம்மா மட்டும் நேராகக் கேட்டார். "சொன்னா கண்ணு வருமா? வராது. அப்புறம் எதுக்கு?"

ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம் பெரியப்பா ஈக்காட்டுத்தாங்கலுக்குக் கிளம்பினார். தனியாக அனுப்ப மனமில்லாமல் பெரியம்மா என்னைக் கூட அனுப்பினார்.

பட்டறைக்குப் பின்னால் ஓட்டுக் கூரை போட்ட ஓர் அறை. இசக்கிமுத்து தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து, கலந்து கிடந்த திருகாணிகளைத் தடவிப் பார்த்து அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் அவருக்குக் கொடுத்த வேலை அது. ஆஸ்பத்திரி அண்ணாச்சி வந்திருக்கிறார் என்று தங்கபுஷ்பம் சொன்னதும் முகத்தைத் திருப்பிச் சிரித்தார். உட்காரச் சொன்னார். பெரியப்பா உட்காரவில்லை. நின்றபடியே படிவம், பல்பு, மீட்டர், சாவி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் விடவில்லை.

இசக்கிமுத்து வேலைக்காரர். கேட்கும்போது அவர் முகம் ஒரு பழுதான மெஷினைப் பற்றிக் கேட்கிற முகமாகத்தான் முதலில் இருந்தது. "அப்பம் சாவி மட்டும் ஏன் ஒட்டுச்சு?" என்று நடுவில் கேட்டார். கொஞ்சம் இழுப்பு இருந்தது, தொட்டுக்கொண்டிருப்பதைப் பிடிக்க அது போதும் என்று பெரியப்பா விளக்கினார். சரிதான் என்று தலையாட்டினார். பிறகு அவர் கை திருகாணிகளின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

"இத எதுக்கு எங்கிட்ட சொல்லுதிய அண்ணாச்சி?"

"உங்களுக்குத் தெரியணும்னு."

"ரெண்டு மாசமா தலவிதின்னு கெடந்தேன். கஷ்டந்தான். ஆனாலும் ராத்திரி கண்ணசந்துரும். இனிமே அந்தச் சாவிய நெனச்சுக்கிட்டுல்லா கெடக்கணும். ஒரு நா முந்தி, ஒரே ஒரு நா முந்தி உங்க கைக்குத் தெரிஞ்சிருந்தா..."

தங்கபுஷ்பம் வாசலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். இப்போது விலகி வழிவிட்டார். "சொல்லியாச்சுல்லா? மனசு லேசாயிட்டா? போவும்" என்றார்.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தோம். கிண்டியைத் தாண்டி, சைதாப்பேட்டைப் பாலம் வந்தது. பெரியப்பா கைப்பிடிச் சுவரருகே நின்று, "அவர் சொல்றது சரி" என்றார். எது சரி என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். காந்தத்தைச் சாவி வைத்துச் சோதிக்கும் வழக்கம் நின்றது. ஒரு சின்ன ஆணியை நூலில் கட்டி, ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டு, அது அங்கிருந்து நகர்கிறதா என்று பார்ப்பார். ஈக்காட்டுத்தாங்கலுக்கு மறுபடி இரண்டு முறை போனார். ஒரு முறை கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை சின்னப் பெண் வெளியே வந்து, அப்பா தூங்குகிறார் என்று சொன்னதாம். உள்ளே திருகாணிகள் உருளும் சத்தம் கேட்டதாகப் பெரியப்பா சொன்னார்.

1949 ஜூலையில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஐம்பத்தொரு வயது. சாந்தோம் கோவிலில் பூசை முடிந்து கல்லறைக்குக் கிளம்பும்போது, வெளி கேட்டருகே தங்கபுஷ்பம் நிற்பதைப் பார்த்தேன். யார் சொல்லித் தெரிந்ததோ. உள்ளே வரச்சொல்லி அழைத்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"கடைசில ரொம்பக் கஷ்டப்பட்டாரா?" என்று கேட்டார்.

படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பதினோரு நாள் இருந்தார்.

"இல்ல" என்றேன்.

"அவுக கேட்டுட்டு வரச் சொன்னாவ" என்றார். முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார். வீட்டில் போய் என்ன சொன்னாரோ, எனக்குத் தெரியாது.